இரண்டாவது பிரேக்

எனக்கு அருவருப்பு அவ்வளவு எளிதில் வராது. இருபது வருஷமாக ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் முன்மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜனங்கள் டப்பாவிலும் பாட்டிலிலும் கொண்டு வருவதை வாங்கி, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, பேரும் தேதியும் எழுதிய தாளை ஒட்டி உள்ளே அனுப்புவது என் வேலை. சிலர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு நீட்டுவார்கள். கொடுக்கிறவருக்கு வருகிற கூச்சத்தில் கால்வாசிகூட வாங்குகிற எனக்கு வராது. கையைக் கழுவிவிட்டு அடுத்த நிமிஷம் பிஸ்கட் தின்பேன்.

அப்படிப்பட்டவளுக்குப் போன மாதம் ஒரு துண்டைப் பார்த்துக் குமட்டியது. சுத்தமாகத் துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துண்டு. என் கணவர் அதை எங்கள் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நாலாக மடித்து வைத்திருந்தார், கண்ணாடி துடைப்பதற்கு. அதன் ஓரத்தில் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி தைத்திருந்தது. அந்தக் குறி எங்கள் தெரு சலூன்காரருடையது. துணி துவைக்கிற இடத்தில் அடுத்தவர் துண்டோடு கலந்துவிடக் கூடாது என்று தன் துண்டுகளிலெல்லாம் அப்படித் தைத்து வைப்பார். அது எங்கள் காருக்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. ஒடிசலான ஆள், ஒட்டிய கன்னம், அடித்தொண்டையில் மெல்லிய குரல். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று அவருடைய அக்காவே சொல்வாள். மற்றப் பயிற்சிப் பள்ளிகளில் கத்துவார்கள், ஸ்டியரிங்கைப் பிடுங்குவார்கள். இவர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரைக்கூடக் குரலுயர்த்திப் பேசியதில்லை. நாலு முனைச் சந்திப்பில் வண்டி நின்றுபோய், பின்னால் பத்து ஹாரன் அலறும்போதும் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து நீட்டுவார். இதனால் மற்ற இடங்களில் அழுதுவிட்டு ஓடிவந்தவர்கள், நாற்பது வயதுக்கு மேல் கற்க வந்த பெண்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் இவரைத் தேடித்தான் வருவார்கள். இரண்டு மாதத்தில் லைசென்ஸோடு போவார்கள்.

அவருடைய பாடம் முழுவதும் ஒரே வரியில் அடங்கும். "பிரேக்கை மிதிக்காதீங்க. மிதிச்சா பின்னால வர்றவன் உங்க டிக்கியில வந்து உட்காருவான். தொட்டா போதும்." அவர் சொன்னபடி மாணவர்கள் தொடுவார்கள். வண்டி கொஞ்சமும் குலுங்காமல், தூங்குகிறவர் விழிக்காதபடி நிற்கும். அவர்களுக்குத் தங்கள் பாதத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிடும்.

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து சமயத்தில் மாஸ்டர் மிதிப்பதற்காக வைத்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால் சிரிப்பார். சுவரில் மாட்டியிருக்கிற தீயணைப்புச் சிலிண்டர் மாதிரி, இருக்கும், எடுக்க மாட்டோம் என்பார். பள்ளியின் பெயர்ப்பலகையில் 'ஒரு விபத்தும் இல்லை' என்று எழுதி, அதற்கு மேல் எத்தனை ஆண்டுகள் என்ற எண்ணை வருஷம் பிறந்ததும் தானே பெயிண்டால் மாற்றுவார். சுவரில் இடித்தால் அது விபத்தில்லை, உரசல். கேட்டில் இடித்தால் கேட் போட்ட இடம் தப்பு. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் கழித்து யாராவது எங்காவது மோதினால், அவர் அப்போது மாணவரே இல்லை.

அவரைப் பற்றி வீட்டில் எனக்கு இருந்த ஒரே புகார் ஷூ. இடது ஷூ வாங்கிய புதிதில் இருந்தபடியே இருக்கும். வலது ஷூவின் முன்பாதம் மட்டும் ஐந்தே மாதத்தில் காகிதமாகத் தேய்ந்துவிடும். செருப்பு தைக்கிறவரிடம் நான்தான் எடுத்துக்கொண்டு போவேன். சாருக்கு நடையில் ஏதாவது கோளாறா என்று அவர் ஒருமுறை கேட்டார். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொரு பழக்கம், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தெருமுனைச் சலூனில் முதல் ஆளாகப் போய் உட்காருவது. சலூன்காரரும் அதிகம் பேசாதவர். இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் பேசாமல் இருப்பார்கள். சோப்பு வாசனையோடு திரும்பி வந்து, "நான் நம்பிக் கழுத்தை நீட்டுற ஒரே ஆளு" என்பார். இருபது வருஷம் இது தவறியதில்லை.

எங்கள் பரிசோதனை நிலையம் ஊரின் மறுகோடிக்கு இடம் மாறியபோது, இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. நாற்பத்தாறு வயதில் நானும் கற்றுக்கொள்வது என்று முடிவானது. கட்டிய புருஷனிடம் கார் கற்றால் குடும்பம் இரண்டாகும் என்று அலுவலகத்தில் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதம் விடிந்ததும் கிளம்பிப் போவோம். நான் தொட்டேன், வண்டி நின்றது. தேர்வும் அதே பயிற்சிக் காரில்தான். அதிகாரி பின்சீட்டில் உட்காருவார், முன்சீட்டில் மாஸ்டர் உட்கார வேண்டும். உயிர் மேல் ஆசையுள்ள எந்த அதிகாரியோ ஏற்படுத்திய வழக்கம். முதல் முறையிலேயே தேறினேன். சிறிய பழைய கார் ஒன்று வாங்கினோம். முதல் எட்டு நாள் அவரும் கூடவே வந்தார். அந்த நாட்களில் கூட்டமில்லாத வேளையாகப் பார்த்து, பச்சை விளக்கு விழுகிற நேரத்தையும் கணக்குப் பண்ணிக் கூட்டிப்போனார். பிரேக்குக்கு வேலையே வரவில்லை; இறங்குகிற இடத்தில் கைப்பிரேக்கை அவரே இழுத்துவிடுவார்.

ஒன்பதாவது நாள் தனியாகப் போனேன். காலை ஏழு மணி. எங்கள் தெருமுனையில் சாலையைக் கடக்கிறவர்களுக்கான வெள்ளைக் கோடுகள் உண்டு. சலூன்காரர் துவைத்த துண்டுகளைக் கூடையில் போட்டு, இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்க் கட்டடத்து மொட்டை மாடிக்குக் காயப்போடப் போய்க்கொண்டிருந்தார். கோட்டின் மேல்தான் நடந்தார். நல்ல தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டேன். அவரும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பிரேக்கைத் தொட்டேன்.

வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். இதைச் சொல்லும்போது என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது, ஆனால் அதுதான் உண்மை. காலை பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு, வண்டி தானாக நிற்கும் என்று காத்திருந்தேன். ஒரு சத்தம் கேட்டது, வெள்ளைத் துண்டுகள் கண்ணாடி மேல் வந்து விழுந்தன. அதற்குப் பிறகுதான் முழுப் பலத்தோடு மிதித்தேன். அவருக்கு வலது முழங்காலும் அதற்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தன.

பத்து நிமிஷத்தில் என் கணவர் வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் போன பிறகு, ஒரு கால் செருப்போடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரரிடம் அவர் அதே மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். "திடீர்னு குறுக்க வந்துட்டாரு சார். என்ன பண்ணுவா பாவம்." போலீஸ்காரர் என்னைப் பார்த்து அப்படியா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இந்தக் கதையில் எனக்கு எத்தனையோ பேர் மேல் வெறுப்பு உண்டு. அந்தத் தலையாட்டலில்தான் அது தொடங்குகிறது.

பிரேக்கில் ஏதோ பழுது என்றுதான் நான் நினைத்தேன். மெக்கானிக் நாள் முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த வயசு வண்டிக்கு இவ்வளவு நல்ல பிரேக்கைத் தான் பார்த்ததில்லை என்றார். அதைக் கேட்டதும் என் கணவர் பெப்பர்மிண்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தார்கள். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் என்றார்கள். நல்லவேளை, காருக்குப் பெரிய அடியில்லை என்று ஒருத்தி பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சலூன்காரருக்குக் கண் மங்கிப்போய் வருஷக்கணக்காகிறது என்று, அவரிடம் போன வாரம்தான் கழுத்தில் கத்தி வைத்துச் சவரம் செய்துகொண்ட எதிர்வீட்டுக்காரர் நாக்கூசாமல் சொன்னார். எல்லோருக்கும் நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். என் மேஜைக்கு வருகிற டப்பாக்களில் என்ன இருக்கிறது என்றாவது வெளியே எழுதி ஒட்டியிருக்கும். இவர்கள் வாயில் அதுவும் இல்லை.

இந்த எல்லோருக்கும் தலைவி என் கணவரின் அக்கா. பூசி மெழுகுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. திடீரென்று வந்தார் என்று மட்டும் சொன்னால் பிடிப்பில்லை என்று, செல்போனில் பேசிக்கொண்டே ஓடிவந்தார் என்பதைச் சேர்த்தவள் அவள்தான். மூன்று வாரத்தில் காவல் நிலையத்தில் முறையான வாக்குமூலம் எழுதுவார்கள், அதற்குள் நான் அதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அதில் தப்பு சலூன்காரருடையது என்று எழுதிவிட்டால் என் லைசென்ஸும் பிழைக்கும், பலகையும் பிழைக்கும். அவருக்கோ இன்சூரன்ஸிலிருந்து ஒன்றும் வராது. உடைந்த கால் போதாதென்று பழியும் அவர் தலையில் விழும். நான் அதைச் சொன்னபோது அவள் என்னை ஏதோ வெளியாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"முப்பது பேரு இப்ப கத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்கு ஒருத்தர் வருவாங்களா? உன் புருஷன் இருபத்திரண்டு வருஷமா கட்டிக் காப்பாத்தினதை நீ ஒரு காலையில உடைச்சுட்ட. வாயையாவது மூடிக்கிட்டு இரு."

என் கணவர் பக்கத்திலேயே இருந்தார். அக்காவை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவருடைய மென்மையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவை.

அந்த வாரம்தான் அவர் காரைக் கழுவினார். பம்பருக்குக் கீழே சிக்கியிருந்த துண்டைக் கண்டெடுத்தவர் அவர். அதைத் திருப்பிக் கொடுக்கலாம், தூக்கி எறியலாம், ஒளித்துக்கூட வைக்கலாம். அவர் அதைச் சோப்புப் பொடியில் இரண்டு தடவை அலசி, கொடியில் காயப்போட்டு, காருக்குள் மடித்து வைத்தார். நான் பார்த்துவிட்டு அது யாருடையது என்று கேட்டேன். யாருடையது என்று அவருக்கும் தெரியும். "நல்ல துணி. தண்ணியை எப்படி இழுக்குது பாரு" என்றார். நான் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் மூன்று தெரு தள்ளியிருந்த ஏசி சலூனுக்குப் போனார். காதுக்கு மேல் மழித்து, உச்சியில் மட்டும் முடியை நிறுத்தி, ஏதோ வாசனைத் தண்ணீரை அடித்து அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்து அவரே அசடு வழிந்தார். தெருமுனைச் சலூன் பூட்டியிருந்தது. அதைத் தாண்டித்தான் அவர் அந்த வாசனையோடு நடந்து வந்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் சலூன்காரர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். சலூனுக்குப் பின்னாலேயே இரண்டு அறை. முன்னறையில் கட்டிலை இழுத்துப் போட்டு, கால் முழுக்க மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அவர் மனைவி படுக்கையில் வைத்த மலத்தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். என்னைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நாற்றம் எனக்குப் பழக்கம். அவள் கூசியது அதனால் இல்லை, என்னால்தான்.

உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. நின்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். நின்றே செய்கிற வேலை தன்னுடையது, இனி ஒரு நாளைக்கு எத்தனை தலைக்கு நிற்க முடியும் என்று டாக்டருக்கே தெரியவில்லை என்றார். பரிதாபம் தேடிச் சொல்லவில்லை. தன் காலைப் பார்த்தே அவருக்கு வெறுப்பாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நீங்க என்னைப் பார்த்தீங்க. நானும் பார்த்தேன். பார்த்துட்டாங்க, நிறுத்திடுவாங்கன்னுதான் நான் ஓடலை. பார்த்தும் ஏன் வந்தீங்க?"

பிரேக் போட்டேன், நிற்கவில்லை என்று முணுமுணுத்தேன். மெக்கானிக் சொன்னதை அவரும் கேள்விப்பட்டிருந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மாஸ்டர் வரலை. இருபது வருஷமா அவர் கழுத்துல கத்தி வெச்சிருக்கேன். ஒரு கீறல் விழுந்ததில்ல. நான் போன்ல பேசிக்கிட்டு ஓடினேன்னு சொல்றாராமே. ரெண்டு கையிலயும் கூடை. போனை எதால பிடிச்சிருந்தேன்னு கேட்டுச் சொல்லுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. போன் கேள்வி இல்லை, முதல் கேள்வி. பார்த்தும் ஏன் வந்தேன்?

நான் காரைத் தொடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பயம் கெட்டிப்பட்டுவிடும், பயிற்சிக் காரில் ஒரு சுற்று போய் வரலாம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வாக்குமூலத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவர் நச்சரிப்பு தாங்காமல் கிளம்பினேன். பழைய மைதானத்தைச் சுற்றியுள்ள காலிச் சாலை. பக்கத்தில் அவர், பெப்பர்மிண்ட், மெல்லிய குரல். ஓட்டினேன். தூரத்தில் ஒரு தடுப்பு வந்தது. தொட்டா போதும் என்றார். தொட்டேன்.

வண்டி பூப்போல நின்றது.

அதே பாதம், அதே அழுத்தம். அன்றைக்கு அந்தக் கார் நிற்கவில்லை, இன்றைக்கு இது நிற்கிறது. அவர் சந்தோஷமாக, "பார்த்தியா, உன் கால்ல ஒரு குறையும் இல்ல" என்றார். நான் கீழே பார்த்தேன். என் காலைப் பார்க்கவில்லை. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை நான் செருப்பு தைக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போகிற அந்த வலது ஷூவைப் பார்த்தேன். அது இரண்டாவது பிரேக்கின் மேல் இருந்தது.

இன்னொரு தடவை ஓட்டினேன். இந்தத் தடவை பிரேக்கிலிருந்து காலை முழுக்க எடுத்து வைத்துக்கொண்டு, "தொட்டுட்டேங்க" என்று மட்டும் சொன்னேன். வண்டி பூப்போல நின்றது. அவருக்கு முகம் வெளுத்துப் போனது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அப்போது தெரிந்தது. மூச்சு விடுவது போல அந்தக் கால் தானாகவே அழுத்தியிருக்கிறது.

இறங்கச் சொன்னேன். அவர் இறங்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார். ஆரம்பத்தில் பயந்தவர்களுக்கு மட்டும்தான் கொஞ்சம் உதவினாராம். வண்டி குலுங்கினால் அவர்களுக்கு மனசு விட்டுப் போய்விடும், தானே நிறுத்தினோம் என்று நினைத்தால் தைரியம் வரும், வாரம் ஆக ஆகக் காலைக் குறைத்துக்கொள்வாராம். குறைத்துக்கொண்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். வெளியே போன பிறகு அவரவர் கால் கற்றுக்கொள்ளும் என்றார். சுவரிலும் கேட்டிலும் இடித்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். உரசல்களின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"டெஸ்ட்லயுமா?" என்று கேட்டேன்.

அவர் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தானா?"

"உனக்குக் கொஞ்சம் கூடுதலாவே" என்றார். "உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு."

அவர் அதை அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால், பொய் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மூன்று மாதம் நான் ஓட்டியதாக நினைத்ததை எல்லாம் அவர் ஓட்டியிருக்கிறார். தேர்வில் தேறியது அவர். என்னைத் தட்டிக்கொடுத்து, பெப்பர்மிண்ட் கொடுத்து, பிரேக் போடத் தெரியாத ஒருத்தியைத் தெருவில் இறக்கிவிட்டிருக்கிறார். மெக்கானிக் பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அன்றே இவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் குறுகுறுத்ததும் ஏசி சலூனுக்குப் போயிருக்கிறார்.

என் பங்கையும் நான் மறைக்கவில்லை. எத்தனை வருஷம் அந்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். டப்பாவுக்கு வெளியே துளி கசிந்திருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவள், அந்தத் தேய்மானத்தைப் பார்த்து ஒரு நாள் யோசிக்கவில்லை. கண்ணெதிரே மனிதர் நடந்து போகும்போது பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு யாரோ நிறுத்துவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். கேட்ட போலீஸ்காரரிடமும் அப்படித்தான் தலையாட்டினேன். அதற்கும் ஒரு மாஸ்டர் வேண்டியிருந்தது.

வாக்குமூலத்துக்கு முதல் நாள் மாலை அக்கா வந்து ஒத்திகை பார்த்தாள். அவள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்லாததால் அவளே பதிலும் சொன்னாள். என் கணவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கீழே போய்க் காரைத் திறந்து, அந்தத் துண்டை இரண்டு விரலால் எடுத்தேன். அலுவலகத்திலிருந்து கொண்டு வந்திருந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினேன். ஒட்டுத்தாளில் சலூன்காரர் பேரையும், தேதியையும், காலை ஏழு மணி என்பதையும் எழுதி ஒட்டினேன். இருபது வருஷத்து வேலையில் நான் இவ்வளவு நிதானமாக எழுதியதில்லை.

காவல் நிலையத்தில் மூக்குக் கண்ணாடியைத் தாழ இறக்கி விட்டிருந்த ஒரு பெண் அதிகாரி எழுத உட்கார்ந்தார். எதிரே இரண்டு நாற்காலி. வலதுபக்கம் நான், இடதுபக்கம் என் கணவர். காரில் உட்காருகிற அதே வரிசை. எங்கள் வீட்டிலிருந்து முன்பே எழுதிக் கொடுத்திருந்த நாலு வரியை அதிகாரி வாசித்தார். சலூன்காரர் செல்போனில் பேசிக்கொண்டே திடீரென்று ஓடிவந்தார், சரிதானே என்று கேட்டுவிட்டு, பேனாவைத் தாளில் வைத்தார். சரி என்று சொன்னால் ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.

கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இல்லைங்க. அவரு கோட்டு மேலதான் நடந்தாரு. ரெண்டு கையிலயும் துண்டுக் கூடை இருந்துச்சு. அதுல ஒண்ணு இது. எங்க கார்ல மாட்டியிருந்தது. தூரத்துலயே அவரைப் பார்த்துட்டேன்."

அதிகாரி உறையைத் திருப்பி, ஒட்டுத்தாளைப் படித்தார். சிவப்பு நூல் குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடாமல் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பார்த்துட்டீங்க. அப்புறம் ஏன் நிறுத்தலை?"

சலூன்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்ட கேள்வி. இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. பக்கத்தில் என் கணவர் மெல்லிய குரலில், "வேணாம்மா" என்றார்.

"எனக்கு பிரேக் போடத் தெரியாதுங்க" என்றேன். "லைசென்ஸ் இருக்கு. ஆனா இடிக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட நான் வண்டியை நிறுத்தினதில்ல. மூணு மாசமும் நிறுத்தினது இவரு. டெஸ்ட் அன்னைக்கும் இவருதான். எனக்கு மட்டும் இல்ல, எத்தனையோ பேருக்கு. அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான் பயிற்சிக் காரில் ஏறிய முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில், பாலிஷ் போட்ட வலது ஷூ தரையை அழுத்தியது. முதலில் மெதுவாக, பிறகு பலமாக அழுத்திக்கொண்டே இருந்தது. நான் நிற்கவில்லை.